குளிமுறிக்கு ஒரு வெளிவாசல்

எங்கள் மீனவ ஊரான கடியப்பட்டணத்தில் புது வீடு கட்டுகிறவர்களின் பேச்சை நினைவு தெரிந்த நாளிலிருந்து கேட்டு வருகிறேன். வாசல் எந்தப் பக்கம், முன்முறிக்கு எவ்வளவு அகலம், மாடிப்படி உள்ளேயா வெளியேயா, கல்யாணம் கூடினால் எத்தனை பேர் உட்காரலாம் என்றெல்லாம் பேசி முடித்த பிறகுதான் குளிமுறியின், அதாவது குளியலறையின், பேச்சு வரும். அதற்குள் வரைபடத்தில் மிஞ்சியிருப்பது படிக்கட்டுக்கு அடியிலுள்ள மூலையோ, படுக்கைமுறியிலிருந்து நறுக்கி எடுத்த துண்டோதான். கொத்தனார் அதில் கோப்பையை வைத்து, குழாயைப் பதித்து, ஆள் உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிக் கொடுத்துவிடுவார். வீட்டிலேயே அதிகம் நனைகிற, முதலில் கெடுகிற, எல்லோரும் தினமும் தவறாமல் நுழைகிற அறைக்கு இப்படி மிச்சத்தை ஒதுக்குவது சரியில்லை. இந்தக் கடப்புறத்தில் வீட்டின் வரைபடம் குளிமுறியிலிருந்து தொடங்க வேண்டும். குளிக்கும் இடமும் கக்கூசும் தனித்தனியாக இருக்க வேண்டும். குளிமுறிக்குள் முற்றத்திலிருந்து நேரே நுழைய ஒரு வாசல் வேண்டும். பழைய வீடுகளையும் புதிய வீடுகளையும் பார்த்து வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இது.

என் நினைவிலுள்ள பழைய வீடுகளில் குளிமுறி என்று தனியாக ஒன்று கிடையாது. கிணற்றடியோ, வீட்டின் பின்னால் தென்னை ஓலை கட்டிய ஒரு மறைப்போதான் இருந்தது. தரையில் இரண்டு கருங்கல் பலகைகள், ஒரு பானை, ஒரு செம்பு. கடல் தொழிலுக்குப் போய்த் திரும்பியவர்கள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அங்கே போய் மேலுக்கு ஊற்றிக்கொண்டுதான் வந்தார்கள். மீன் விற்கப் போய்வந்த பெண்களும் அப்படித்தான். இந்த ஒழுங்கை யாரும் சட்டமாகச் சொல்லவில்லை. வீடு அப்படி அமைந்திருந்தது, மனிதர்கள் அதன்படி நடந்தார்கள். ஆனால் அந்தக் காலத்தைப் புகழ்ந்து பேச எனக்கு மனமில்லை. கக்கூஸ் இல்லாத வீடுகளில் ஆண்களுக்குக் கடற்கரை இருந்தது. பெண்களுக்கு இருட்டு மட்டுமே இருந்தது. விடிவதற்கு முன்பும் பொழுது அடைந்த பின்பும் கூட்டாகப் போய்வருவதற்காகப் பகலெல்லாம் அடக்கிக்கொண்டு, தண்ணீரைக்கூடக் குறைத்துக் குடித்து வாழ்ந்த தலைமுறைப் பெண்கள் எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் இருந்தார்கள். அந்த நிலை மாறியது இந்தக் கரைக்குக் கிடைத்த பெரிய விடுதலைகளில் ஒன்று. ஓலை மறைப்புக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த மறைப்பு இருந்த இடத்தில் ஓர் அறிவு இருந்தது. புது வீடு அதைக் கைவிட்டது என்றுதான் சொல்கிறேன்.

கைவிட்டது எப்படி என்பதைப் பார்க்கலாம். முதலில் கக்கூஸ்கள் வீட்டுக்கு வெளியே தனிக் கட்டடமாக வந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு குளச்சல், கொட்டில்பாடு போன்ற ஊர்களில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் புது வீடுகள் எழுந்தபோது, 300 முதல் 325 சதுர அடி என்ற அளவுக்குள் முறி, அடுக்களை, கக்கூஸ் எல்லாம் அடங்க வேண்டியதாயிற்று. அதே காலத்தில் பஹ்ரைன், சவூதி என்று வளைகுடாக் கடல்களில் மீன்பிடிக்கப் போனவர்களின் பணத்தில் ஊருக்குள் மாடி வீடுகள் வந்தன. அவற்றுக்கு மாதிரியாக அமைந்தவை நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் அலுவலகம் போய்வருகிறவர்களுக்காகக் கட்டிய வீடுகள். காலையில் படுக்கையிலிருந்து எழுந்து, குளித்து, உடுத்தி, வெளியே போகிறவருக்குப் படுக்கைமுறியை ஒட்டிய அட்டாச்டு பாத்ரூம் பொருத்தமானது. அவருடைய நாளில் குளியல் வீட்டிலிருந்து புறப்படும்போது வருகிறது. கடலுக்குப் போகிறவரின் நாளில் குளியல் வீடு திரும்பும்போது வருகிறது. இரண்டு பேருக்கும் ஒரே வரைபடம் பொருந்தாது என்ற எளிய உண்மைதான் விடுபட்டுப் போயிற்று.

கடலிலிருந்து வருகிற உடம்போடு என்னென்ன வருகிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மணல், மீன் செதில், இன்ஜின் எண்ணெய், வலையின் பாசி, எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு. அட்டாச்டு பாத்ரூம் உள்ள வீட்டில் இவையெல்லாம் முன்முறியைத் தாண்டி, படுக்கைமுறியைத் தாண்டித்தான் குளிமுறிக்குப் போய்ச் சேரும். மணலைக் கூட்டிவிடலாம். உப்பு அப்படிப் போகாது. கடலுப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் உப்பு படிந்த தரையும் கட்டிலும் துணியும் மழை இல்லாத நாளிலும் பிசுபிசுக்கும். அதே உப்பு கதவுக் கீலையும், தாழ்ப்பாளையும், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் அரிக்கும். கடலோர வீடுகளில் கம்பி துருப்பிடித்து, உப்பி, பூச்சு உதிர்வதைக் குளிமுறியின் கூரையில் எளிதில் பார்க்கலாம். உள்ளேயிருக்கும் ஈரமும் வெளியிலிருந்து வரும் உப்பும் அங்கேதான் ஒன்றுசேர்கின்றன. குளிமுறிக்கு முற்றத்து வாசல் இருந்தால் உப்பும் மணலும் வீட்டின் ஓரத்திலேயே நின்றுவிடும். நனைந்த துணியும் அங்கேயே அலசப்பட்டு முற்றத்துக் கொடிக்குப் போகும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு கதவுதான், வீட்டைப் பெருக்கித் துடைக்கிறவரின் வேலையோ வெகுவாகக் குறையும். அந்த வேலை இன்றும் பெரும்பாலும் பெண்களின் தலையில்தான் விழுகிறது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அடுத்தது, குளிக்கும் இடத்தையும் கக்கூசையும் பிரிப்பது. இதற்கு உடனே வரும் மறுப்பு இடமில்லை என்பது. ஊருக்குள் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன, மனைகள் இரண்டு மூன்று சென்ட்தான், ஆகவே மறுப்பில் நியாயம் இருப்பதுபோல் தெரியும். எண்களைப் பார்த்தால் அந்த நியாயம் நிற்பதில்லை. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு குளியலறைக்குக் குறைந்தது 1.8 சதுர மீட்டரும், கழிவறைக்குக் குறைந்தது 1.1 சதுர மீட்டரும் கேட்கிறது. இரண்டும் ஒரே அறையாக இருந்தால் குறைந்தது 2.8 சதுர மீட்டர் வேண்டும். தனித்தனியாகக் கட்டினால் கூட்டுத்தொகை 2.9 சதுர மீட்டர். வித்தியாசம் 0.1 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சதுர அடி. அதோடு நடுவில் ஒரு நாலரை அங்குலச் சுவரும் ஒரு கதவும். இவ்வளவுதான் பிரிப்பதற்கான விலை. கிடைக்கும் பயன் இதைவிடப் பல மடங்கு பெரியது. ஒருவர் குளித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கக்கூசுக்குப் போகலாம். ஆறேழு பேர் உள்ள வீட்டில், பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகளும் கடலிலிருந்து திரும்பியவரும் ஒரே நேரத்தில் காத்து நிற்கும் காலையில், இரண்டு கதவுகள் இருப்பது இன்னொரு பாத்ரூம் கட்டியதற்குச் சமம். குளிக்கிற இடம் நனைந்து கிடந்தாலும் கக்கூசின் தரை காய்ந்திருக்கும். வழுக்கி விழும் வயதானவர்களுக்கு அந்தக் காய்ந்த தரை பெரிய காவல்.

பிரிப்பதற்கு இதைவிட ஆழமான காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. குளித்த தண்ணீரும் கக்கூஸ் தண்ணீரும் ஒன்றல்ல. முதலாவது அளவில் அதிகம், கேட்டில் குறைவு. இரண்டாவது அளவில் குறைவு, கேட்டில் அதிகம். இரண்டையும் ஒரே குழாயில் விட்டால் செப்டிக் டேங்க் சீக்கிரம் நிரம்பும். கழிவு அடியில் படிந்து மக்குவதற்கு வேண்டிய நேரம் கிடைக்காமல் அரைகுறையாக வெளியேறும். வெளியேறுவது எங்கே? கடற்கரை மணலுக்குள். மணல் தண்ணீரை வேகமாக விழுங்கும், ஆனால் அதே வேகத்தில் பக்கத்துக் கிணற்றுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. மூன்று சென்ட் மனை என்பது 1,307 சதுர அடி. அது சரியான சதுரமாக இருந்தாலும் பக்கம் 36 அடி, மூலைக்கு மூலை 51 அடி, அதாவது பதினைந்தரை மீட்டர். ஆகவே மூன்று சென்ட்காரர் தன் மனைக்குள் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர்மூலையிலும் வைத்தாலும் அந்த விதியைக் காப்பாற்ற முடியாது. அவருடைய குழி பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு இன்னும் நெருக்கமாகவே இருக்கக்கூடும். வள்ளியாறு கடலில் சேரும் இந்தப் பகுதியில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி வரும்போது நிலைமை மோசமாகும். எனவே கடப்புறத்தில் பாத்ரூம் வரைபடம் ஒரு வீட்டின் சொந்த விஷயம் ஆகாது. கிணறுகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைச் சுற்றியுள்ள நாலு வீடுகளுக்கும் சேர்த்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் கோப்பையின் இடத்தை முடிவுசெய்ய வேண்டும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கக்கூஸ் தண்ணீரை மட்டும், நாலு பக்கமும் அடியும் பூசி அடைத்த தொட்டிக்கு விட்டால் தொட்டி சிறியதாகவே போதும், வண்டி வந்து எடுக்கும் தவணையும் நீளும். குளிமுறித் தண்ணீரை ஒரு சின்ன மணல் தொட்டி வழியாக விட்டால் மணலும் செதிலும் அங்கே தங்கிவிடும். தெளிந்த தண்ணீர் தென்னைக்குப் போகும். வாழைக்கு உப்பு ஆகாது, தென்னை தாங்கும். இதைவிட ஒரு படி மேலே போனவர் பால் கால்வெர்ட். 1990-களில் திருவனந்தபுரத்தை அடுத்த புல்லுவிளை கடற்கரையில், நம்முடையதைப் போன்ற மணலிலும் நம்முடையதைப் போன்ற மக்களிடையேயும், தரைக்கு மேலே இரண்டு அறைகள் கட்டி, கழிவை உலர்த்தி மக்கவைக்கும் கக்கூஸ்களை அவர் அமைத்தார். கழுவுகிற தண்ணீர் தனியே பிரிந்து செடிகளுக்குப் போகும். கழிவு நிலத்தடி நீரைத் தொடாது. அந்த முறை எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று நான் வாதாடவில்லை. தண்ணீரைப் பிரித்தால் கேடு குறையும் என்ற அடிப்படையை அது இதே கரையில் காட்டியிருக்கிறது. அதுவே என் வாதத்துக்குப் போதும்.

இனி, வீட்டின் எந்தப் பக்கம்? கடியப்பட்டணத்தின் கரை ஏறக்குறைய வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறது. கடல் தென்மேற்கில் கிடக்கிறது. பகல் காற்று கடலிலிருந்து வருகிறது, தென்மேற்குப் பருவத்தில் மழையையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. கடலைப் பார்த்த சுவரில் கக்கூஸை வைத்தால் நாற்றம் வீட்டுக்குள் புகும், சன்னல் வழியே உப்புச்சாரலும் புகும். அதற்கு நேர்மாறாக, மேட்டுப் பக்கம் வைத்தால் காற்றுக்கு நல்லது, தண்ணீருக்குக் கெடுதல். நிலத்தடி நீர் மேட்டிலிருந்து கடலை நோக்கி நகர்வதால், மேட்டுப் பக்கத்துக் குழியின் கசிவு வீட்டுக் கிணற்றை நோக்கி வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சுவது பக்கச்சுவர்கள்தான், அதாவது வடமேற்குச் சுவரோ தென்கிழக்குச் சுவரோ. அந்தச் சுவரை ஒட்டிக் குளிமுறியும் கக்கூசும் அமைந்து, தொட்டி கிணற்றைவிடக் கடலுக்கு அருகில் இருந்தால் காற்றும் நீரும் இரண்டும் காக்கப்படும். வாஸ்து பார்க்கிறவர்கள் எங்கள் கத்தோலிக்க ஊரிலும் உண்டு. கன்னிமூலையான தென்மேற்கிலும் ஈசானிய மூலையான வடகிழக்கிலும் கக்கூஸ் ஆகாது என்று அவர்கள் சொல்வதும் இந்த முடிவோடு மோதுவதில்லை. வடமேற்குச் சுவரை அவர்களும் ஒப்புக்கொள்வார்கள். ஆகவே நம்பிக்கையின் பெயரால் வரும் மறுப்புக்கு இங்கே இடமில்லை. ஆனால் காரணத்தைக் கேட்டால் காற்றையும் நீரையும்தான் நான் சொல்வேன், ஏனென்றால் மனை திரும்பினால் அவற்றை வைத்து மீண்டும் கணக்குப் போட முடியும்.

இதுவரை சொன்னதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அட்டாச்டு பாத்ரூம் சும்மா பகட்டுக்கு வந்ததில்லை; இரவில் வெளியே போகப் பயந்த பெண்களுக்கும், முட்டுவலியோடு கிடக்கும் முதியவர்களுக்கும், பிரசவித்த பெண்களுக்கும் அது அவசியமாக வந்தது; வெளிவாசல் வைத்தால் அவர்களை மறுபடி முற்றத்துக்குத் துரத்துவதாகாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி இது. என் பதில் குளிமுறியையும் கக்கூசையும் பிரிப்பதிலேயே அடங்கியிருக்கிறது. கக்கூசின் கதவு வீட்டுக்குள்ளேயே திறக்கட்டும். முதியவர் படுக்கும் முறியிலிருந்து சில எட்டில் அது இருக்கட்டும். வெளிவாசல் குளிமுறிக்குத்தான், அதுவும் இரண்டாவது வாசலாக. உள்ளேயிருந்தும் ஒரு கதவு இருக்கும், முற்றத்திலிருந்தும் ஒரு கதவு இருக்கும். வெளிக்கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டால் இரவில் அது சுவருக்குச் சமம். கதவு கூடினால் காவல் குறையும் என்ற பயத்துக்கு நல்ல மரமும் உறுதியான தாழ்ப்பாளும்தான் விடை. அடுக்களையின் பின்கதவுக்கு நாம் காலங்காலமாகச் செய்து வருவதும் அதுதானே. காசு இருந்தால் முதியவரின் முறியோடு ஒட்டி இன்னொரு கக்கூஸ் கட்டுவதை நான் எதிர்க்கவில்லை. முதலில் கட்ட வேண்டியது எது என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு.

இன்னொரு மறுப்பு மதிப்பைப் பற்றியது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் அட்டாச்டு பாத்ரூம் உண்டா என்று பார்க்கிறார்கள், முற்றத்து வாசல் பழைய வறுமையை நினைவூட்டுகிறது என்கிறார்கள். வறுமையின் வடுவைச் சுமந்தவர்கள் அதை மறைக்க விரும்புவது எனக்குப் புரிகிறது. ஆனால் செய்கிற தொழிலை மறைத்துக் கட்டிய வீடு அந்தத் தொழிலாளிக்கு வசதியாக இருப்பதில்லை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1970-களில் திருவனந்தபுரம் பூந்துறையில் மீனவர்களுக்கு வீடு கட்டியபோது வீடுகளை ஒரே வரிசையில் அடைக்காமல் முன்னும் பின்னுமாக நிறுத்தினார். கடற்காற்று எல்லா வீட்டுக்கும் போகவும், வலை உலர்த்தவும் சரிசெய்யவும் முன்னால் இடம் கிடைக்கவும் அப்படிச் செய்தார். வீட்டுக்காரரின் தொழிலை முதலில் பார்த்து அதிலிருந்து வரைபடத்துக்கு வந்த முறை அது. பேக்கருடைய செங்கல் சன்னல்களைப் பார்த்து வியக்கிறவர்கள் இந்த முறையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். கடலுக்குப் போகிறவர் தலைநிமிர்ந்து தன் வீட்டுக்குள் நுழைய ஒரு நல்ல வாசல், நல்ல தண்ணீர், மறைவான சுவர் இருப்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

வரைபடம் சரியானாலும் சில சிறு அளவுகளில் தவறினால் எல்லாம் கெடும் என்பதால் அவற்றையும் சொல்லிவிட வேண்டும். தரையின் வாட்டம் ஆறு அடிக்கு ஓர் அங்குலமாவது இருக்கட்டும். தண்ணீர் இறங்கும் ஓட்டை வாசலுக்கு எதிர்மூலையில் இருக்கட்டும். வாசலருகே வைத்தால் குளிக்கிற தண்ணீர் முழுவதும் காலடிக்கு வரும். டைல்ஸ் போட்ட பிறகு வாட்டத்தைத் திருத்த முடியாது. ஆகவே ஒட்டுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கக்கூஸ் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை அவருடைய உடம்பே அடைத்துவிடும். இரண்டு அறைகளுக்கும் வெளிச்சுவரில் குறைந்தது 0.37 சதுர மீட்டர், அதாவது நாலு சதுர அடி திறப்பு வேண்டும் என்று விதி சொல்கிறது. நம் ஊர் ஈரத்துக்கு அதைவிடக் கூடுதலாக, கண்மட்டத்துக்கு மேலே, மறைவு கெடாமல் வைப்பது நல்லது. மினுமினுக்கும் டைல்ஸ் சுவருக்கு ஆகும், தரைக்கு ஆகாது. கருங்கல் பலகையோ சொரசொரப்பான டைல்ஸோ போதும். குழாயும் கொக்கியும் வாங்கும்போது 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். வழக்கமான 304 வகையைவிட அது உப்பைத் தாங்கும். தாழ்த்திப் போட்ட கான்கிரீட் தளத்தை நிரப்பக் கடற்கரை மணலை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அதன் உப்பு கம்பியைத் தின்னும். மணவாளக்குறிச்சியில் பிரித்தெடுக்கும் கரிமணல், கதிர்வீச்சுள்ள தோரியம் அடங்கிய மோனசைட்டோடு, இந்தக் கரையிலும் கலந்திருக்கிறது. அதை மூடிய அறையின் தரைக்கடியில் சேர்த்து வைப்பதில் ஒரு நன்மையும் இல்லை.

இவ்வளவும் யார் முடிவுசெய்வது? பணம் அனுப்புகிறவர் வளைகுடாவில் இருப்பார், கொத்தனார் தான் கட்டிய கடைசி வீட்டையே மறுபடி வரைவார், தாளைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருப்பார்கள். தண்ணீர் சுமந்தவர்களும், தரை துடைத்தவர்களும், இருட்டுக்காகக் காத்திருந்தவர்களும் பெண்கள். எனவே குளிமுறியின் இடம், கதவு, கொடி கட்டும் பக்கம், துணி துவைக்கும் கல்லின் உயரம் எல்லாவற்றிலும் முதல் சொல் அவர்களுடையதாக இருக்க வேண்டும். 2014-க்குப் பிறகு அரசு தகுதியுள்ள வீடுகளுக்குக் கக்கூஸ் கட்ட 12,000 ரூபாய் கொடுத்தபோது நாட்டின் பல பகுதிகளில் கட்டிய கக்கூஸ்கள் விறகும் சாமானும் வைக்கும் இடமாக மாறின. அவற்றில் பலவற்றில் பயன்படுத்துவோரைக் கேட்காமல் இடத்தையும் கதவையும் முடிவுசெய்ததும் ஒரு காரணம். நம் ஊரில் இனி அஸ்திவாரம் தோண்டப்போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். கயிறு பிடிப்பதற்கு முன் சுற்றியுள்ள கிணறுகளைக் குறியுங்கள், கடல்காற்றின் பக்கத்தைக் குறியுங்கள், பக்கச்சுவரில் குளிமுறியையும் கக்கூசையும் தனித்தனியே வரையுங்கள், குளிமுறிக்கு முற்றத்தில் ஒரு வாசல் விடுங்கள். அதன்பிறகு முன்முறியின் அகலத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்; அதை நாளைக்கும் மாற்றிக்கொள்ள முடியும். மண்ணுக்குள் இறங்கிய கழிவையும், தவறான இடத்தில் பதித்த குழாயையும் பிறகு மாற்றுவது அரிது. அதன் சுமை நம் பிள்ளைகளின் கிணற்றில்தான் போய்ச் சேரும்.